சுற்று வழி

“நாலே மணி நேரம். காலையில ஏறினா மதியச் சாப்பாடு வீட்டுல. இதை விட்டுட்டு வேற என்ன வேணும் உங்களுக்கு?”

டிக்கெட் போடுகிறவர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் வேலை பார்க்கும் ஊருக்கும் சொந்த ஊருக்கும் நடுவே, கடலின் மேல் ஒரு கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. மூவாயிரம் கிலோமீட்டர் என்று அதன்மேல் எழுதியிருந்தது.

“வேற வழி இருக்கா?” என்றான். லிஃப்ட் கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். நகக்கண்களில் கிரீஸ்.

“ஒரு இடத்துல மாறிப் போகலாம். ஒன்பது மணி நேரம்.”

“அதை விட நீளமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சீக்கிரம் போகணும்னு உயிரை எடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். லேட்டாப் போகணும்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான் தம்பி. சுத்திப் போனா செலவு குறையும்னு எவனாவது சொன்னானா? கூடத்தான் ஆகும்.”

“பரவாயில்ல.”

“ஊர்ல யாரு இருக்கா?”

“மனைவி.”

“கல்யாணமாகி?”

“ரெண்டு வருஷம்.”

பக்கத்து மேஜைப் பெண் களுக்கென்று சிரித்தாள். “சண்டையா இருக்கும் சார். கோபம் ஆறட்டும்னு மெதுவாப் போறார்.”

“அனுபவம் பேசுது!” என்றார் அவர். “பாவம், அந்தப் பொண்ணு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். நீங்க என்னடான்னா வானத்துல ஊர்கோலம் போகணும்கறீங்க.”

அவன் செல்பேசி மேஜைமேல் அதிர்ந்தது. திரையில் ‘மாமா’ என்று வந்தது. அவன் எடுக்கவில்லை.

“மாமனாரா? சரிதான். விஷயம் பஞ்சாயத்து வரைக்கும் போயிடுச்சு.”

“இருக்கறதுலயே நீளமானது எது சார்?”

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. விசைகளைப் படபடவென்று தட்டினார்.

“இந்தாங்க. தெற்க போக வேண்டிய ஆள் முதல்ல வடக்க போகணும். மூணு இடத்துல மாறணும். ஒரு ஏர்போர்ட்ல ராத்திரி முழுக்க நாற்காலியில குந்தியிருக்கணும். மொத்தம் முப்பத்தாறு மணி நேரம். என் எதிரிக்குக்கூட இதைப் போட மாட்டேன்.”

“அதையே போடுங்க.”

பக்கத்து மேஜைப் பெண்ணின் சிரிப்பு நின்றது. “கட்டின பொண்டாட்டி முகத்தைப் பார்க்க இவ்வளவு கசக்குதா உங்களுக்கு?” என்றாள், தனக்கே நேர்ந்ததுபோல.

அவன் கடன் அட்டையை நீட்டினான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கினார். அச்சு இயந்திரம் டிக்கெட்டைத் துப்பியது.

செல்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தான். பழைய செல்பேசி, ஸ்பீக்கர் போட்டால்தான் காதில் விழும்; போட்டான்.

“கிளம்பிட்டீங்களா மாப்பிள்ளை?”

“இப்பதான் டிக்கெட் போட்டேன் மாமா. நேர் ஃப்ளைட்ல இடம் இல்ல. வந்து சேர முப்பத்தாறு மணி நேரமாகும்.”

டிக்கெட் போடுகிறவர் வாயைத் திறந்தார். காலியாகக் கிடந்த இருக்கைகள் இன்னும் திரையில் பச்சையாகத் தெரிந்தன.

மறுமுனையில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு மாமனார் சொன்னார்:

“பதறாம வாங்க மாப்பிள்ளை. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க வந்து அவ முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு மெஷினை நிறுத்துவாங்க.”