இல்லையாம்

ஓர் இணையத் துணிக்கடையின் சர்வருக்குள் கரடி, கிளி, யானை மூன்றும் வேலை பார்த்தன. வாடிக்கையாளர் கேட்பதைக் கரடி கிளியிடம் சொல்லும். கிளி போய், டேட்டாபேஸைக் காக்கும் யானையிடம் கேட்டு வரும்.

கொஞ்ச நாளாக யார் சிவப்புச் சட்டை கேட்டாலும் கிளி, "இல்லையாம்" என்றே வந்து சொன்னது. வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். யானைக்குத் தெம்பில்லை போலும் என்று கரடி கூடுதலாகக் கரும்பு போட்டது. அப்போதும் "இல்லையாம்"தான்.

பொறுக்க முடியாமல் கரடி ஒருநாள் கிளியின் பின்னாலேயே போனது. சிவப்புச் சட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து யானை கத்திக்கொண்டிருந்தது.

"சட்டைன்னு தனிப் பிரிவே இப்ப இல்ல! எல்லாத்தையும் மேலாடைப் பிரிவுல சேர்த்தாச்சு. கேள்வியே தப்புன்னு போய்ச் சொல்லு!"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கரடி கிளியைப் பிடித்துக்கொண்டது.

"உங்க மனசு நோகுமேன்னுதான் அண்ணே."

"இனிமே யானை சொல்றதை ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லணும்."

மறுநாள் வேட்டி கேட்கப் போன கிளி திரும்பி வந்தது.

"இந்தக் கேள்வியும் தப்பாம் அண்ணே. 'அந்தக் கரடிக்கு மண்டைக்குள்ளயும் முடிதான் இருக்கா'ன்னு யானை கேக்குது."

கரடி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"நீ பழையபடி இல்லையாம்னே சொல்லு."