கணக்கு சார் போனுக்கு என்ன கேடு?

"இன்னிக்கும் கணக்கு சார் போன்தானா? அந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?"

கேட்டுவிட்டு வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். போன்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

போன்காரி என்றுதான் அந்த ஆபீஸில் அவளுக்குப் பெயர். போனுக்கு ஒரு வயர், கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் என்று இருந்ததை மாற்றி, இரண்டையும் ஒரே வயரில் ஓடவிட அவளுடைய கம்பெனி அவளை இங்கே அனுப்பியிருந்தது. மாட்டி முடித்தாயிற்று. கோளாறு வந்தால் பார்க்க அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

உட்கார்ந்தது ஜன்னல் இல்லாத ஒரு வயர் ரூமில். நாள் பூரா மெஷின் இரைச்சல்தான் துணை. மதியம் பெண்கள் எல்லாரும் கும்பலாகச் சாப்பிடப் போவார்கள். "நீயும் வாயேன்" என்று ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. இவளும் கூச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டதில்லை.

ஆனாலும் இந்த வேலைதான் அவளுக்கு உயிர். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். பாப்பா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த இடம் போனால் கம்பெனி வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடும். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை முகம் பார்ப்பதோடு சரி.

அதற்கு உலை வைக்கவென்றே வந்து வாய்த்தார், ஆபீஸ் வரவுசெலவு பார்க்கும் கணக்கு சார்.

ஆபீஸில் எல்லாப் போனும் கணீரென்று பேச, அவர் போன் மட்டும் அடிக்கடி செத்துவிடும். உடனே மேனேஜருக்குப் புகார் போய்விடும். ஒவ்வொரு புகாருக்கும், இந்த இடம் போய்விடுமோ என்று இவள் அவர் அறைக்கு ஓடுவாள்.

"போனும் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சும்மா. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்புல விட்டா விளங்குமா?"

"வயர் கழண்டிருக்கு சார்."

"எலியா இருக்கும்."

"எலி கடிக்கும் சார். கழட்டாது."

"படிச்ச எலியோ என்னவோ!" என்பார். "பாப்பா இன்னிக்கு என்ன சேட்டை பண்ணிச்சு?"

போன் மாட்ட வந்த முதல் நாளே அவள் வீட்டுக் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டவர் அவர். அந்த ஆபீஸில் பாப்பாவைப் பற்றி விசாரிக்கிற ஒரே ஆள். ஆனால் புகார் எழுதிய கையோடு விசாரித்தால் யாருக்குப் பதில் சொல்லத் தோன்றும்?

ஒருநாள் மதியம், புது வயரே மாற்றிவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கணக்கு சார் மேஜைக்கு அடியில் இருந்தார். கையில் பிடுங்கிய வயர்.

"சார்!"

நிமிர்ந்த வேகத்தில் மேஜையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

"நீங்களே புடுங்கிட்டு நீங்களே புகார் கொடுக்கறீங்களா?"

வாயில்லாப் பூச்சி போட்ட சத்தத்தில் கதவருகே கூட்டம் கூடிவிட்டது.

"அதில்லம்மா, விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பேச்சுத்துணை வேணும்னா கூப்பிடுங்க சார், வந்து பேசிட்டுப் போறேன். அதுக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடணுமா?"

"சம்சாரம் போனதுலேருந்து சார் தனியாளு, பாவம்!" என்றார் ஒரு குமாஸ்தா. இன்னொருவர் கிசுகிசுத்தார்: "போன் நல்லா இருந்தா மட்டும் இவரை யாரு கூப்பிடப் போறா?"

சிரிப்புச் சத்தம். கணக்கு சார் முகம் சுண்டிப்போயிற்று.

"ஆமாம்மா. பேச ஆளில்லாமதான் அப்படிப் பண்ணிட்டேன். மன்னிச்சுடு."

அதற்கப்புறம் புகார் என்று ஒன்றும் போகவில்லை.

வயர் ரூமில் அவள் போன்தான் மணியடித்தது. திரையில் கணக்கு சார் அறையின் எண். பேச்சுத்துணை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவமானப்படுத்தினோமே என்று மனசு கிடந்து உறுத்தியது. வீம்பு விடவில்லை. எடுக்காமல் இருந்துவிட்டாள். நாலைந்து தடவை அடித்துப் பார்த்த போன், பிறகு அடிக்கவே இல்லை. பழையபடி மெஷின் இரைச்சல் மட்டும்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரும்மா. இப்பல்லாம் ஒரு புகார்கூட இல்லை. சபாஷ்!"

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"அதனால உன்னை உன் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறோம். திங்கக்கிழமை வேற ஊர்ல போய்ச் சேரணுமாம்."

"சார்... என் மேல ஏதாவது தப்பா?"

"சேச்சே, உன் மேல என்ன தப்பு? ஒரு போன்லயாவது கோளாறு இருக்கிற வரைக்கும் நீ இங்கே இருக்கட்டும், எல்லாம் சரியானதும் அனுப்பிடலாம்னு ரெண்டு மாசம் முன்னாடியே மீட்டிங்ல முடிவு பண்ணினதுதான். கணக்கு சாரும் கூட இருந்தாரே!"

மேனேஜருக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"வேடிக்கையைக் கேளு. அதுவரைக்கும் அவர் போன் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மீட்டிங்குக்கு மறுநாள்லேருந்துதான் கெட ஆரம்பிச்சுது!"