இயலாது

அந்த அதிகாரி பொய் எழுதுவதைத் தையல்காரி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

வேறு யாரைப் பற்றியும் இல்லை, அவள் பெற்ற மகளைப் பற்றி.

மகளுக்கு ஒன்பது வயது. கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சும் மெதுவாகத்தான் வரும். வகுப்பில் அவள் பக்கத்திலேயே இருந்து உதவ அரசாங்கம் ஒரு பெண்ணைப் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் உதவியக்கா. அந்த உதவி இன்னும் தேவையா என்று வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் பார்த்து எழுத வருபவர்தான் இந்த அதிகாரி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல முகத்தை வைத்திருந்தார்.

தையல்காரி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருஷமாக உதவியக்கா மகளோடு மல்லுக்கட்டியதற்குப் பலன் கிடைத்திருந்தது. அதை ஒரு பெரிய மனிதர் பார்க்கப் போகிறார் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மகளும் மானத்தைக் காப்பாற்றினாள். டிபன் டப்பாவைத் தானே திறந்தாள். ஸ்பூனால் அள்ளி, நாலு பருக்கை மட்டும் சிந்தி, முழுவதையும் சாப்பிட்டாள். தனியாகக் கழிப்பறைக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள்.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, மகள் டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனதும், குனிந்து எழுதினார்.

'தானாக உண்ண: இயலாது. கழிப்பறைக்குத் தனியே செல்ல: இயலாது.'

தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“சார், இப்பதானே உங்க கண்ணு முன்னாடி சாப்பிட்டா?”

“பார்த்தேம்மா.”

“அப்புறம் ஏன் சார் இயலாதுன்னு போடுறீங்க? ஸ்பூனைப் பிடிக்கவே எட்டு மாசம் ஆச்சு சார். ஒரே வார்த்தையில அழிச்சிட்டீங்களே.”

அவர் அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினார். தலைமையாசிரியை, பேசாமல் இருக்கச் சொல்லி அவள் முழங்கையை இழுத்தார். உதவியக்காவோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் கூட்டுக் களவாணிகள் என்று தையல்காரிக்குப் பட்டது. கண் அவிந்துபோன ஆளையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று பொரிந்து தள்ளினாள். மேலிடத்துக்கு எழுதிப் போடாமல் விடப்போவதில்லை என்றாள்.

மகளை உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும்படி உதவியக்காவை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரி பேனாவை மூடினார்.

“தாராளமா எழுதிப் போடுங்கம்மா. இதுல ரெண்டு இடத்துல 'இயலும்'னு நான் எழுதினா, உதவியாளர் தேவையில்லைன்னு முடிவாயிடும். திங்கட்கிழமையிலிருந்து அவங்க வரமாட்டாங்க.”

“அவங்க பக்கத்துல இருக்கறதாலதானே சார் கத்துக்கிட்டா? இனிமேதானே எழுத்தே சொல்லித்தரப் போறாங்க?”

“அதை எழுத இந்தத் தாள்ல இடமில்லை. போன வருஷம் வேற பள்ளிக்கூடத்துல ஒரு குழந்தைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். கூட இருந்தவங்களை எடுத்துட்டாங்க. மூணு மாசத்துல அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தையே விட்டுடுச்சு. நான் உண்மை எழுதினது அதோட சரி.”

தையல்காரியின் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அதைக் கொட்டுவதற்கு அந்த அறையில் ஆள் இல்லை. ஒரு பிள்ளை முன்னேறினால் அதற்குத் தண்டனை என்று சட்டம் போட்ட புண்ணியவான் எந்த ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறானோ.

தாளின் அடியில், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

அதற்குள் மகள் உதவியக்காவின் கையை விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தாள். தாளின்மேல் விரலை வைத்து, “அம்மா, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு எல்லாம் தானா செய்யத் தெரியும்னு எழுதியிருக்கும்மா.”

மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் பிள்ளைக்கு இன்னும் படிக்கத் தெரியாததற்காகப் பெற்றவள் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள்.