புள்ளி யார் பக்கம்?

"இன்னிக்கும் நீதான் தோத்தியா?"

குஞ்சம்மாள் தம்பி மனைவி சௌந்திரத்தை முறைத்தாள்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டிலில் தம்பி தண்டாயுதபாணி. போன வருஷம், எண்பத்தேழில், தொப்பூர் கணவாயில் அவன் ஓட்டிய லாரி கவிழ்ந்ததிலிருந்து பேச்சில்லை. கை கால் அசையவில்லை. கூடப் போயிருந்த சௌந்திரத்துக்கு வெறும் சிராய்ப்பு. அதுவே குஞ்சம்மாளுக்கு ஆறவில்லை.

என்ஜினீயர் தங்கமுத்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து ஒரு மாதமாகிறது. புருஷன், பெண்டாட்டி இருவர் தலையிலும் ஒயர்களை ஒட்டுவார். திரையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. யார் மனசு அமைதியாக இருக்கிறதோ, அவர் பக்கம் புள்ளி நகரும்.

"விளையாட்டா இதைப் பழகிட்டார்னா, அப்புறம் புள்ளியை நகர்த்தியே ஆமா, இல்லைன்னு நமக்குச் சொல்லிடுவாருங்க" என்றிருந்தார்.

குஞ்சம்மாள் பார்க்க வந்த நாளிலிருந்து தினமும் தண்டாயுதபாணிதான் ஜெயித்தான். புள்ளி தன் பக்க ஓரத்தைத் தொட்டதும் அவன் கண்கள் மினுங்கும்.

"படுத்த படுக்கையாக் கெடக்கறவனுக்கே மனசு அடங்குது. உனக்கு அடங்க மாட்டேங்குதே. எங்க அலையுது புள்ள உம்மனசு?"

சௌந்திரத்துக்கு இருபத்தாறு வயசு. திரும்ப அழைத்துப்போக அப்பன் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போனது குஞ்சம்மாளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை தண்டாயுதபாணியை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். புது ஒயர் வேலை செய்கிறதா என்று பார்க்க, தங்கமுத்து சௌந்திரத்தின் தலையில் மட்டும் ஒட்டினார்.

புள்ளி சறுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தது. ஓரத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான், அசையவே இல்லை.

"அடேங்கப்பா, எவ்வளவு அமைதி!" என்று ஆச்சரியப்பட்டபடி தங்கமுத்து வெளியே போனார்.

குஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்கண்ணாலயே பாத்துட்டேன். எந்தம்பி பக்கத்துல இல்லீன்னா உம்மனசு குளுந்து கெடக்குது. அவன் மூஞ்சியைப் பாத்தாத்தான் கொதிக்குது. புடிக்கலீன்னா உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு புள்ள. அவனை நான் பாத்துக்கறேன்."

சௌந்திரம் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மொத நாளு நாந்தானுங்க ஜெயிச்சேன், நங்கை. அதுக்கப்புறம் மூணு நாளு அவரு கண்ணே தொறக்கல."

"அதுக்கு?"

"அன்னையில இருந்து, புள்ளி எம்பக்கம் நகந்தா, லாரிக்கு அடியில இருந்து அவரை இழுத்தாங்களே… அப்ப அவரு கத்துனதை நெனைச்சுக்குவேனுங்க. புள்ளி அவருகிட்டப் போயிரும்."