ரெண்டு கடி

கம்பத்திலிருந்து கேரளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. ரெஜினாவின் போனில் கணவன் டிஜோவின் குரல் செய்தி வந்தது.

"சிஸ்டர், இன்னைக்கு ரெண்டு கடி ஆயிப்போச்சு. ரெஜினாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தாங்கமாட்டா."

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போகவேண்டியது தவறி அவளுக்கு வந்திருக்கிறது. அவன் வேலை பார்க்கும் சாந்தன்பாறை ஏலக்காட்டில் பாம்புக்கா பஞ்சம்? திரும்பத் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

"ஜின்சி, உங்க அண்ணனப் பாம்பு கடிச்சிருச்சு!"

நாத்தனார் ஜின்சி எஸ்டேட்டுக்கு ஜீப்பை விரட்டினாள். "அழாதீங்க மதினி, மாதாவ வேண்டிக்கங்க."

எஸ்டேட் வாசல் டீக்கடையில் டிஜோ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ரெஜினா ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"எங்கங்க கடி?"

அவன் திருதிருவென விழித்தான். "இந்தக் கடையிலதான். உடம்பக் கொறைக்கணும், தின்னத எல்லாம் தினமும் சொல்லணும்னாங்க சிஸ்டர். நீ அளந்து போடுற சோத்துல பசி தாங்கல..."

ஜின்சி சிரித்துவிட்டாள். "மதினி, இங்க கடின்னா டீயோட தின்னுற பலகாரம்!"

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சட்டையெல்லாம் பருப்புவடைத் தூள்.

"சிஸ்டர்கிட்ட மூணுன்னு சொல்லுங்க," என்றாள். "மூணாவது கடி வீட்ல இருக்கு."