குரலுக்கு முதலிடம்

படம் உறையாமல் ஓடியது.

ஸ்கேன் அறையில் மருத்துவர் தலையாட்டினார். மதுரையிலிருந்து வீடியோவில் பேசிய நிபுணரின் உதடும் குரலும் இப்போது ஒன்றாக வந்தன.

நெட்வொர்க்கைச் சரிசெய்ய வந்திருந்த அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள். செவிலியர் மேசையில் இன்னும் ஒரு புகார் பாக்கி இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே வைஃபை வழியாகத்தான். போன், வீடியோ, ஊழியர்கள் பார்க்கும் சீரியல், எல்லாம். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் பேச்சு துண்டு துண்டாகப் போயிற்று. சரிசெய்யத்தான் சென்னையிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து அவள் செய்தது இவ்வளவுதான்: குரலுக்கு முதலிடம். அடுத்தது படம். மற்றவை காத்திருக்கட்டும்.

மேசையில் லீதியாள் சிஸ்டர் இருந்தார். தலைமைச் செவிலியர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.

புகார்ப் புத்தகத்தில் அவர் கையெழுத்தில் ஒரே வரி, பக்கம் பக்கமாக.

'பிற்பகல் 3.10. போன் வருகிறது. கரகரவென்கிறது. பேச்சு புரியவில்லை.'

ஒரு நாள்கூட அந்தப் போனை அவர் மற்றவர்களை எடுக்க விட்டதில்லையாம். வரவேற்பில் சொன்னார்கள்.

மணி மூன்று ஒன்பது.

"இன்னிக்குத் தெளிவா கேக்கும் பாருங்க சிஸ்டர்."

போன் அடித்தது. அவளே ஸ்பீக்கரில் போட்டாள்.

கரகரப்பு இல்லை.

மூச்சு கேட்டது. வயதான ஓர் ஆணின் மூச்சு. ஒவ்வொன்றையும் பாடுபட்டு இழுத்தார். பிறகு குரல்.

"லீதியா சிஸ்டர்... வாறேன்னு சொன்னீயளே."

அவ்வளவுதான். மறுபடி மூச்சு.

சுத்தமான ஒலி. ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். அழைப்பு எங்கிருந்து வருகிறதென்று திரையில் தேடினாள்.

நாலாவது மாடி. கிழக்கு வார்டு. பதினேழாம் கட்டில்.

"அது பூட்டிக் கெடக்கும்மா," என்றார் சிஸ்டர்.

தொற்றுக் காலத்தில் திறந்த வார்டு அது. அடிக்கடி கிட்டே போக வேண்டாம் என்று கட்டிலுக்கு ஒரு போன் கொடுத்திருந்தார்கள். எல்லாம் அடங்கியதும் கட்டில்களைக் கழற்றினார்கள். போன்களின் பேட்டரியை உருவி, அட்டைப்பெட்டியில் போட்டு, ஸ்டோரில் வைத்தார்கள். வைத்தவர் சிஸ்டர்தான்.

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு முப்பத்தெட்டு பேரு. நாங்க ரெண்டே பேரு. இந்தா வாறேன் தாத்தான்னு சொன்னேன்."

நிறுத்தினார்.

"போகல."

ஸ்பீக்கரில் மூச்சு ஏறி இறங்கியது.

"பழையபடி ஆக்கிருங்கம்மா. கரகரன்னே இருந்துட்டுப் போட்டும்."

ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும். அவள் விரல் அங்கே போனது. நின்றது. அந்த மூச்சைத் தன் கையால் துண்டு துண்டாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சிஸ்டர் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டார்.

"நான் பேசுனா அங்க கேக்குமா?"

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பாதை திறந்திருந்தது.

"கேக்கும்."

சிஸ்டர் போனருகே குனிந்தார்.

"இந்தா வாறேன் தாத்தா."

சாவிக்கொத்தை எடுத்தார். தன் கைப்போனை அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. படியேறினார்.

அவள் திரையிலேயே அவரைப் பின்தொடர்ந்தாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வைஃபை பெட்டி. சிஸ்டரின் போன் முதல் மாடிப் பெட்டிக்கு மாறியது. இரண்டாவது மாடி. மூன்றாவதில் நகராமல் நின்றது.

அவள் காத்திருந்தாள்.

நான்கு.

ஸ்பீக்கரில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. காலியான அறையில் நடக்கும் செருப்புச் சத்தம். நெருங்கியது. மிக அருகில் வந்து நின்றது.

"தாத்தா," என்றது சிஸ்டரின் குரல்.

இழுத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்லத் தணிந்தது.

அழைப்பு முடிந்தது.

வெளியே நல்ல வெயில். மருந்து வாங்கும் வரிசையில் யாரோ குழந்தையை அதட்டினார்கள். கேன்டீனிலிருந்து வடை வாசனை வந்தது. அவள் நெற்றியைத் துடைத்தாள். மடிக்கணினியை மூடப் போனாள்.

போன் அடித்தது.

கிழக்கு வார்டு. ஐந்தாம் கட்டில்.

அதன் கீழே இன்னொரு வரி முளைத்தது. பன்னிரண்டாம் கட்டில். பிறகு முப்பத்தொன்று. எட்டு. இருபத்திரண்டு. பட்டியல் திரையின் அடிவரை இறங்கியது.

இத்தனை நாளும் வழி கிடைக்காமல் நின்றவை.

மேசையில் வேறு யாரும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் ரிசீவரை எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "கேக்குது."