சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

கோயம்புத்தூரிலேயே செய்த, தானே முடிவெடுக்கும் கணினி மூளை கொண்ட அந்தப் பந்தயக் கார், டிராக்கில் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தபோது, குறுக்கே ஓடிய கீரியின் மேல் தயங்காமல் ஏறிவிட்டது. டிராக்கில் எதற்கும் நிற்காதே என்று அந்த மூளைக்குச் சொல்லிக்கொடுத்தவள் பொறியாளர் தெய்வானைதான். சாலைக்கு வந்தால் அந்த முரட்டுக் குணத்தைத் தானாகவே விட்டுவிடுமா? அன்றிரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

மறுநாள் காரைச் சாலையில் இறக்கப் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓட்டுநர் எவ்வளவு மிதித்தும் கார் உறுமியதே தவிர அசையவில்லை.

முதலாளி ஆறுச்சாமியின் முகம் கறுத்தது. "என்னம்மா தெய்வான, மொத நாளே அபசகுனமாட்ட இருக்குது?"

தெய்வானைக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"நல்ல சகுனமுங்க. பழத்து மேலயே ஏற மாட்டேங்குது பாருங்க. இனி எங்கூட்டுப் பாப்பா இந்த ரோட்டுல சைக்கிள் உடலாம்."